எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ்?

ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகும் சாலை மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி அய்யனார் கோவிலுக்குப் போய்ச் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறு அங்கே பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. நீர் காத்த அய்யனாரைக் கும்பிட வருகிறவர்களுக்கு அது குளித்துக் கரையேறும் ஆறு. ஊருக்கு அது குடிநீர். கீழே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேரும் தண்ணீர் ராஜபாளையம் நகராட்சிக் குழாய்களுக்கு வருகிறது. கண்மாய்ப் பாசனக்காரர்களுக்கு அது நெல், தென்னை. வனத்துறைக்கு அது காப்புக் காடு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வனப்பகுதி, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். யானையும் காட்டு மாடும் தண்ணீர் தேடி இறங்குவதும் இதே ஆற்றுக்குத்தான். மலைமேல் மழை பெய்துவிட்டால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காட்டாற்று வெள்ளம் வந்துவிடும்.

இத்தனை பேருக்கும் பாத்தியதை உள்ள ஓர் இடத்தைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் எப்படி எடுப்பது? வண்டிகளை எதுவரை விடலாம் என்ற ஒரு சின்னக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதான அம்மாவை அழைத்து வருகிறவர் கோவில் அருகே வரை கார் போக வேண்டும் என்பார். வனத்துறைக்காரர் ஒரு ஹாரன் சத்தம்கூடக் கூடாது என்பார். நகராட்சிப் பொறியாளருக்குத் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் கலக்கக்கூடாது. தேங்காய், பூ விற்கிறவருக்குக் கூட்டம் வந்தால்தான் அன்றைய பாடு நடக்கும். எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினால் குரல் பெரிதாக உள்ளவர் சொன்னது நிற்கும். இல்லாவிட்டால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வரும். இரண்டிலும் முடிவு தெரியும், முடிவுக்கு வந்த வழி தெரியாது.

இப்படிப்பட்ட இடத்துக்கென்றே ஓர் ஆய்வுத்துறை இருக்கிறது. பல அளவுகோல் முடிவெடுப்பு என்று தமிழில் சொல்லலாம். ஒரே முடிவை நான்கைந்து கோணங்களில் அளக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோணங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒன்றை ரூபாயிலும் இன்னொன்றை மில்லிகிராமிலும் அளக்கலாம், மூன்றாவதற்கு அலகே கிடையாது. இவற்றை ஒரே தாளில் வைத்து, எந்த வழி மேல் என்று காரணத்தோடு சொல்லும் கணக்கு முறைகளை 1960-களிலிருந்து ஆய்வாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். தொழிற்சாலைக்கு இடம் பார்ப்பது, சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது, நிலத்தடி நீர் எங்கே கிடைக்கும் என்று வரைபடம் போடுவது எனப் பல வேலைகளுக்கு இவை பயன்படுகின்றன. திருச்சி என்.ஐ.டி.யிலும் தஞ்சாவூர் சாஸ்த்ராவிலும் இதில் தொடர்ந்து ஆய்வு நடந்திருக்கிறது.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் இதன் எளிய வடிவம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும். பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப்தான் அது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கணிதத்துக்கு மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு எடை. ஒரு மாணவி கணிதத்தில் 100, மற்ற இரண்டிலும் 80, 80 எடுக்கிறாள். கட் ஆஃப் 180. இன்னொருத்தி கணிதத்தில் 85, மற்ற இரண்டிலும் 94, 94. கட் ஆஃப் 179. மூன்று பாடக் கூட்டுத்தொகையில் இரண்டாமவள் 13 மதிப்பெண் கூடுதல். ஆனாலும் தரவரிசையில் பின்னால் நிற்பாள். பொறியியலுக்குக் கணிதம்தான் அடிப்படை என்று யாரோ ஒரு காலத்தில் எடுத்த முடிவு, அந்த இரண்டு மடங்கு எடைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இப்படியொரு எடை சண்டைக்கு வந்த கதையும் நம்மிடம் உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட் தேர்வில், தேர்ச்சி பெற்றவர்களை வேலைக்கு வரிசைப்படுத்த 2012-ல் ஒரு வெயிட்டேஜ் முறை வந்தது. மதிப்பெண்களைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் ஒரே புள்ளி கொடுத்தார்கள். டெட் தேர்வில் 60 சதவீதம் எடுத்தவருக்கும் 69 எடுத்தவருக்கும் ஒரே புள்ளி; 70-ஐத் தொட்டுவிட்டால் சட்டென்று ஆறு புள்ளி கூடிவிடும். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் அரசாணை 71 வந்தது. பட்டதாரி ஆசிரியருக்கு டெட் 60, பி.எட். 15, பட்டப்படிப்பு 15, பிளஸ் டூ 10 என்று சதவீதக் கணக்கு. படிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இன்னொன்று முளைத்தது. பிளஸ் டூவில் மதிப்பெண்ணைக் கிள்ளிக் கொடுத்த காலத்தில் படித்த நாற்பது வயதுக்காரரும், அள்ளிக் கொடுத்த காலத்தில் படித்த இருபத்திரண்டு வயதுக்காரரும் ஒரே தராசில் ஏற்றப்பட்டார்கள். டெட்டில் முன்னால் நின்ற மூத்தவர்கள் பலர், எப்போதோ எழுதிய பள்ளித் தேர்வால் பின்னுக்குப் போனார்கள். போராட்டங்கள் நடந்தன, வழக்குகள் நடந்தன. கடைசியில் 2018-ல் வெயிட்டேஜ் முறையே கைவிடப்பட்டது.

கூட்டல் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. அளவுகோலை எப்படி எண்ணாக்கினார்கள், எதற்கு எவ்வளவு எடை வைத்தார்கள் என்ற இரண்டு இடங்களில்தான் பலருடைய வாழ்க்கை தீர்மானமானது. பல அளவுகோல் முடிவெடுப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமென்றால் இதையே சொல்வேன். கணக்கு யந்திரம் போட்டுவிடும். எடையை மனிதர்தான் வைக்க வேண்டும், வைத்தவர் காரணம் சொல்லவும் வேண்டும்.

எடையை எப்படி வைப்பது? இந்தக் கேள்விக்கு இன்று உலகம் முழுக்க அதிகம் பயன்படும் விடையைத் தந்தவர் தாமஸ் சாட்டி. இராக்கின் மோசூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கணிதவியலாளர். 1960-களில் அமெரிக்க அரசின் ஆயுதக் குறைப்பு முகமையில் இருந்தார். பெரிய பொருளாதார நிபுணர்களும் சட்ட நிபுணர்களும் கூடி உட்கார்ந்தும், எதை எதற்காக விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஒருவருக்கொருவர் புரியவைக்க முடியாமல் திணறியதை அங்கே நேரில் பார்த்தார். அந்தக் குறையிலிருந்து 1970-களில் அவர் வகுத்ததுதான் ஏஎச்பி எனப்படும் படிநிலைப் பகுப்பாய்வு முறை. 1980-ல் அது புத்தகமாக வந்தது.

அவருடைய யோசனை எளிமையானது. ஐந்து விஷயங்களுக்கு மொத்தமாக எடை கொடு என்றால் மனம் தடுமாறும். இரண்டிரண்டாக வைத்து, இதில் எது முக்கியம், எத்தனை பங்கு முக்கியம் என்று கேட்டால் பதில் வரும். இரண்டும் சமம் என்றால் 1. கொஞ்சம் கூடுதல் என்றால் 3, நன்றாகவே கூடுதல் என்றால் 5, மிகவும் கூடுதல் என்றால் 7, ஒப்பிடவே முடியாத அளவு என்றால் 9. இடைப்பட்டவற்றுக்கு 2, 4, 6, 8.

அய்யனார் கோவில் வண்டிக் கேள்விக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் போடும் பயிற்சிக் கணக்கு. மதிப்பெண்கள் என்னுடையவை, அங்கே இப்போது நடைமுறையில் உள்ள ஏற்பாட்டை இது சொல்லவில்லை.

மூன்று அளவுகோல்கள் வைப்போம்: தண்ணீரின் சுத்தம், காட்டின் அமைதி, வருகிறவர்களின் வசதி. குடிநீரை நினைத்துக் கவலைப்படும் ஒருவரிடம் கேட்கிறோம். தண்ணீரா காடா? தண்ணீர் இரண்டு பங்கு என்கிறார். தண்ணீரா வசதியா? தண்ணீர் ஐந்து பங்கு. காடா வசதியா? காடு மூன்று பங்கு. இந்த மூன்று பதில்களையும் மூன்றுக்கு மூன்று கட்டமாக எழுதி, ஒவ்வொரு நெடுக்கு வரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்து, குறுக்கே சராசரி எடுத்தால் எடைகள் வந்துவிடும். தண்ணீருக்கு 58 சதவீதம், காட்டுக்கு 31, வசதிக்கு 11. ஒரு பேனாவும் தாளும் போதும்.

சாட்டி இதோடு விடவில்லை. சொன்னவர் தமக்குத் தாமே முரண்படுகிறாரா என்றும் பார்க்கச் சொன்னார். தண்ணீர் காட்டைப்போல் இரண்டு பங்கு, காடு வசதியைப்போல் மூன்று பங்கு என்றால், தண்ணீர் வசதியைப்போல் ஆறு பங்காக இருக்க வேண்டும். நம்மவர் ஐந்து என்றார். இந்தச் சின்ன விலகலை அளக்க ஒரு விகிதம் உண்டு, அது 0.10-க்குள் இருந்தால் ஏற்கலாம் என்பது சாட்டியின் வரம்பு. நம் கணக்கில் 0.003 வருகிறது, கவலையே இல்லை. அவரே தடுமாறி, வசதிதான் தண்ணீரைவிட இரண்டு பங்கு முக்கியம் என்று கடைசிப் பதிலை மாற்றிச் சொல்லியிருந்தால் விகிதம் 0.6-ஐத் தாண்டியிருக்கும். ஐயா, ஒரு தடவை யோசித்துச் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்கலாம். கூட்டத்தில் ஒருவரிடம் நீங்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறீர்கள் என்று சொன்னால் சண்டை வரும். தாள் சொன்னால் கோபம் வராது.

இனி வழிகள். ஒன்று, கோவில் அருகே வரை எல்லா வண்டிகளும். இரண்டு, அடிவாரத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் நடை. மூன்று, வாரத்தில் சில நாட்கள் மட்டும் நடையாக ஆட்களை விடுவது, அதுவும் எண்ணிக்கை வரம்போடு. பத்துக்கு மதிப்பெண் போடுவோம். முதல் வழிக்குத் தண்ணீரில் 3, காட்டில் 2, வசதியில் 9. இரண்டாவதற்கு 7, 7, 4. மூன்றாவதற்கு 8, 9, 2. எடையால் பெருக்கிக் கூட்டினால், குடிநீர்க்காரரின் எடைப்படி மூன்றாவது வழி 7.65 பெற்று முதலிடம். இரண்டாவது 6.67. வண்டியை உள்ளே விடுவது 3.35 பெற்றுக் கடைசி.

இப்போது வயதான அம்மாவை அழைத்து வருகிறவரைக் கேட்போம். அவருடைய பதில்களிலிருந்து வசதிக்கு 50, தண்ணீருக்கு 30, காட்டுக்கு 20 என்று எடை வருவதாக வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. வண்டியை உள்ளே விடுவது 5.8 பெற்று முதலிடத்துக்கு ஏறுகிறது, நடை 5.5, நாள் வரம்பு 5.2. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. வண்டி போனால் தண்ணீருக்கு என்ன ஆகும், காட்டுக்கு என்ன ஆகும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. எது எவ்வளவு பெரிது என்பதில் மட்டும்தான் வேறுபாடு. ஊர்க்கூட்டங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எதிராளி உண்மையை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கத்துகிறோம்.

இந்தத் தாளுக்கு இன்னொரு பயன் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நடை என்ற வழி எங்கே அடிவாங்குகிறது என்று பாருங்கள். வசதியில் 4. யாருக்கு வசதிக் குறைவு? நடக்க முடியாதவர்களுக்கு. அப்படியென்றால் நான்காவதாக ஒரு வழி யோசிக்கலாம். வண்டிகள் அடிவாரத்தில் நிற்கட்டும். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் மட்டும் சத்தமில்லாத பேட்டரி வண்டி ஓடட்டும். தண்ணீரில் 7, காட்டில் 6, வசதியில் 7 என்று போடுங்கள். அம்மாவை அழைத்து வருகிறவரின் எடைப்படி 6.8 பெற்று முதலிடம். குடிநீர்க்காரரின் எடைப்படி 6.69 பெற்று இரண்டாமிடம். இருவர் எடைகளையும் சராசரி செய்தாலும் இதுவே மேலே வருகிறது. இருக்கிற வழிகளுக்குள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, எது வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிப் புது வழிகளைத் தேடுங்கள் என்று ரால்ஃப் கீனி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

மேலே போட்ட கணக்கில் நான் வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டேன்: உயிர்ப் பாதுகாப்பு. வெள்ளம் வரும்போது ஆற்றைக் கடக்க விடும் ஒரு ஏற்பாட்டை, மற்ற எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து வாங்கினாலும் பட்டியலில் வைக்கவே கூடாது. கூட்டல் முறையின் அபாயம் இங்கேதான் இருக்கிறது. ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்டிவிடலாம். உயிரை வசதியால் ஈடுகட்ட முடியாது. குடிநீரில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் அசுத்தம் சேர்ந்தால் அதையும் எதனாலும் ஈடுகட்ட முடியாது.

எதை ஈடுகட்டலாம், எதை ஈடுகட்ட முடியாது என்ற பிரிவினையை நம் ஊர்க்காரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். இவையெல்லாம் வாசற்படிகள், தாண்டாதவர் உள்ளே வர முடியாது. ஆனால் நிலத்தில் மட்டும் ஒரு தளர்வு இருக்கிறது. அரைக்கால் வேலி நிலமே உள்ளவரானாலும், ஒரு வேதத்தையும் ஒரு பாஷ்யத்தையும் ஓதி விளக்க வல்லவர் என்றால் அவர் பெயரும் ஓலையில் ஏறும். பாதி நிலத்தின் குறையைக் கல்வி ஈடுகட்டுகிறது. அதே கல்வெட்டில் எதனாலும் ஈடுகட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது: முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. எவ்வளவு நிலம் இருந்தாலும் எவ்வளவு படித்திருந்தாலும் சரி. இப்படி வடிகட்டிய பிறகு எஞ்சியவர்களுக்குள் வரிசை பார்க்கவில்லை. ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொன்னார்கள். பொறியியல் கலந்தாய்வில் எல்லா மதிப்பெண்ணும் சமமாகிப் போனால் கடைசியில் சமவாய்ப்பு எண்ணைப் பார்ப்பதும் அதே வழிதான்.

அது ஒரு பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரின், சபை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலமும் வேதமும் அளவுகோல் என்று வைத்தபோதே, உழுதவரும் நெய்தவரும் பெண்களும் வெளியே நின்றுவிட்டார்கள். அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது யார் இருக்கலாம் என்று தேர்ந்தெடுப்பதாகவும் ஆகிவிடுகிறது.

பிரான்சில் பெர்னார்ட் ருவா 1960-களில் உருவாக்கிய எலெக்ட்ர் முறைகளுக்கு அடிப்படை, சிலவற்றை எதனாலும் ஈடுகட்ட முடியாது என்ற அதே உணர்வுதான். ஒரு வழி மற்றொன்றைவிட மேல் என்று சொல்ல, பெரும்பான்மை அளவுகோல்கள் ஆதரித்தால் மட்டும் போதாது. ஏதாவது ஓர் அளவுகோலில் அது மிக மோசமாக இருந்தால் அந்த ஒன்றே தடை போட்டுவிடும். பெல்ஜியத்தின் ஜான்-பியர் பிரான்ஸ் 1982-ல் தந்த ப்ரோமித்தி முறையும் இந்த வம்சத்தைச் சேர்ந்தது, அதில் இந்தத் தடை மட்டும் இல்லை. காடு, தண்ணீர், உயிர் பற்றிய முடிவுகளுக்குச் சாதாரணக் கூட்டல் முறையைவிட இந்தத் தடை உள்ள முறைகளையே நான் நம்புவேன்.

இந்த முறைகள் சரியான விடை தருகின்றனவா என்று சோதித்துப் பார்க்க முடியுமா? பெரும்பாலும் முடியாது. முடிகிற ஓர் இடம் ராஜபாளையத்திலேயே இருக்கிறது: நூற்பாலை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் பஞ்சையும் நூலையும் பார்த்தே வளர்ந்திருக்கிறது. பஞ்சு வாங்குகிறவருக்கு முன்னால் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு சோதனை அறிக்கை இருக்கும். இழையின் நீளம், வலு, மைக்ரோனேர், சீர்மை, குட்டை இழையின் சதவீதம், ட்ரேஷ் எனும் குப்பை. பக்கத்தில் கேண்டிக்கு என்ன விலை என்று இருக்கும். ஒரு கேண்டி 356 கிலோ. ஒரு பஞ்சில் நீளம் நன்றாக இருக்கும், வலு குறையும். இன்னொன்றில் எல்லாம் நன்றாக இருக்கும், விலை எட்டாது.

மைக்ரோனேர், அதாவது இழையின் தடிமனையும் முதிர்ச்சியையும் காட்டும் எண், இதில் தனி ரகம். நீளமும் வலுவும் கூடக் கூட நல்லது. மைக்ரோனேர் அப்படியில்லை. மிகக் குறைந்தால் பஞ்சு முற்றவில்லை என்று பொருள். நூலில் முடிச்சு முடிச்சாக நெப் விழும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மிகக் கூடினால் இழை தடிமன். மெல்லிய நூல் நூற்கும்போது நூலின் குறுக்கே போதுமான இழைகள் அமையாமல் அறுந்து போகும். 3.7-லிருந்து 4.2 வரை என்பது சந்தை விரும்பும் நடுப்பகுதி. கூடினால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தப் பஞ்சுக் கணக்கைத்தான் அபிஜித் மஜும்தார் என்ற ஜவுளித் தொழில்நுட்ப ஆய்வாளர் 2004, 2005 ஆண்டுகளில் எடுத்துக்கொண்டார். பின்னாளில் டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர். பி.கே. மஜும்தாரும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பிஜன் சர்க்காரும் உடன் எழுதினார்கள். இழைப் பண்புகளுக்குச் சாட்டி முறையில் இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை வைத்தார்கள். வரிசைப்படுத்த டாப்சிஸ் என்ற முறையையும் பயன்படுத்தினார்கள்; ஹ்வாங், யூன் என்ற இருவர் 1981-ல் தந்தது. எல்லாப் பண்பிலும் மிகச் சிறந்ததைச் சேர்த்து இல்லாத ஓர் உத்தமப் பஞ்சைக் கற்பனை செய்வது, எல்லாவற்றிலும் மோசமானதைச் சேர்த்து ஓர் அதமப் பஞ்சையும் கற்பனை செய்வது, கையிலுள்ள ஒவ்வொரு பஞ்சும் முதலாவதற்கு எவ்வளவு கிட்டத்தில், இரண்டாவதற்கு எவ்வளவு தூரத்தில் என்று அளப்பது. இவ்வளவுதான் டாப்சிஸ். பிறகு, தங்கள் வரிசையையும் மில்களில் பழக்கத்திலிருந்த தரக் குறியீடுகள் தரும் வரிசையையும், அந்தப் பஞ்சுகளில் நூற்ற நூலின் வலுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இந்தக் கடைசிப் படிதான் அந்த ஆய்வுக்கு மதிப்பைத் தருகிறது. நூல் நடுவராக நிற்கிறது. எடை தப்பாக வைத்திருந்தால் நூல் காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் துறையில் வரும் பல கட்டுரைகளில் இப்படி ஒரு நடுவர் இல்லை. மூன்று நிபுணர்களைக் கேட்டோம், எடை வந்தது, வரிசை வந்தது, முடிந்தது என்று நின்றுவிடுகின்றன. நிலத்தடி நீர் வரைபடங்களில் நல்லவை நிற்காமல் அடுத்த படிக்குப் போகின்றன. பாறை, சரிவு, ஓடைகளின் அடர்த்தி, மண், மழை என்று ஒவ்வொன்றுக்கும் எடை வைத்து வரைந்த பிறகு, அந்தப் பகுதிக் கிணறுகளில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பார்க்காத வரைபடத்தை நம்பி ஒரு விவசாயி போர் போடக்கூடாது.

முறைகளுக்கே உள்ள கோளாறுகளும் உண்டு. 1983-ல் வாலரி பெல்டன், டோனி கியர் என்ற இரு ஆய்வாளர்கள், ஏஎச்பியில் ஏற்கெனவே உள்ள ஒரு வழியின் நகலைப் பட்டியலில் புதிதாகச் சேர்த்தால், மற்ற வழிகளின் வரிசை மாறிவிடக்கூடும் என்று காட்டினார்கள். யாரையாவது தோற்கடிக்க வேண்டுமென்றால் ஓர் உப்புக்குச் சப்பாணி வேட்பாளரை நிறுத்தினால் போதும் என்ற கதையாகிவிடும். அதைப் பற்றிய விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. முறையில் திருத்தங்களும் வந்தன.

இன்னொன்று, மனிதர் சொல்லும் நல்லது, சுமார், ரொம்ப நல்லது போன்ற சொற்களை எண்ணாக்குவது. லாட்ஃபி ஸாதே 1965-ல் முன்வைத்த தெளிவற்ற கணங்களின் கணிதத்தை இதில் சேர்த்து, ஒரே எண்ணுக்குப் பதிலாக ஓர் எண் வரம்பைக் கொடுக்கும் முறைகள் பெருகின. திருச்சி என்.ஐ.டி.யின் ஏ. நூருல் ஹக்கும் ஜி. கண்ணனும் 2006-ல் சப்ளையர் தேர்வுக்கு இப்படியொரு முறையைக் கையாண்டார்கள். ஆனால் சாட்டியே இதை எதிர்த்தார். ஒப்பீட்டு எண்களுக்குள் ஏற்கெனவே மனித மனத்தின் மங்கல் இருக்கிறது, அதன்மேல் இன்னொரு மங்கலைப் பூசுவதால் விடை மேம்படுவதில்லை என்று 2007-ல் எழுதினார். அந்த வகைக் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எனக்குச் சாட்டியின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கணக்கு எவ்வளவுக்குப் புரியாததாகிறதோ அவ்வளவுக்கு ஊர்க்காரர் அதைக் கேள்வி கேட்க முடியாமல் போகிறது. 7.65 என்று இரண்டு தசமத்தில் ஒரு விடை வந்தால், அது மேலே நாம் குத்துமதிப்பாகப் போட்ட 8-லிருந்தும் 9-லிருந்தும் வந்தது என்பதை மறக்க வைத்துவிடும். அதனால் எடையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்த்து, முதலிடம் மாறாமல் நிற்கிறதா என்று சோதித்த பிறகே எந்த அறிக்கையையும் ஏற்க வேண்டும்.

எடை வைப்பதில் அரசு டெண்டர்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆலோசனைப் பணிகளுக்குத் தரத்துக்கு 70, விலைக்கு 30 என்றோ, 80, 20 என்றோ எடை வைத்து ஆள் எடுக்கும்போது, அந்த எடையை டெண்டர் அறிவிப்பிலேயே போட்டுவிடுவார்கள். தொழில்நுட்ப உறையைப் பிரித்து மதிப்பெண் போட்ட பிறகுதான் விலை உறையைத் தொடுவார்கள். எடை முன்னால், மதிப்பெண் பின்னால். இந்த முன்பின் மாறினால், விருப்பமான ஆளுக்கு ஏற்றபடி எடையை வளைத்துவிடலாம்.

அய்யனார் கோவிலைப் போன்ற இடங்களுக்கும் இதைச் செய்யலாம். நகராட்சி, வனத்துறை, கோவில் நிர்வாகம், கண்மாய்ப் பாசன விவசாயிகள், கடைக்காரர்கள், குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்கள், நடக்க முடியாத பக்தர்கள். விலங்குகளுக்காகப் பேச இயற்கை ஆர்வலர் ஒருவர். பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, தண்ணீரா காடா, தண்ணீரா வசதியா, காடா வசதியா என்ற மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாக எண் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு தாள்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். நம் பயிற்சிக் கணக்கின் இரண்டு பேரையே எடுத்துக்கொண்டால், குடிநீர்க்காரருக்குத் தண்ணீர் காட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு பங்கு; அம்மாவை அழைத்து வருகிறவருக்கு ஒன்றரைப் பங்கு. அதில் சண்டை இல்லை. வசதி உள்ளே வரும் இடத்தில்தான் சண்டை: தண்ணீர் வசதியைப்போல் ஐந்து பங்கு என்கிறார் ஒருவர், பாதியை விடச் சற்றுக் கூடுதல் என்கிறார் மற்றவர்; காடு வசதியைப்போல் மூன்று பங்கு என்கிறார் ஒருவர், பாதிக்கும் குறைவு என்கிறார் மற்றவர். கூட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் முழுவதையும் வசதிக்கு எவ்வளவு எடை என்ற அந்த ஒரு கேள்விக்கே செலவழிக்கலாம்.